சந்தை வாசல் விசில்

“எந்த ஆபீஸ்ல வேல பாக்குற நீ? அடையாள அட்டையக் காட்டுய்யா, பாப்போம்!” என்று காருக்குள் இருந்தவர் கத்தினார். பாண்டித்துரை விசிலை வாயிலிருந்து எடுக்கவில்லை. காரைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கையை மட்டும் அசைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. உழவர் சந்தை வாசலில் இரண்டு பக்கமும் பைக்குகள், நடுவில் சரக்கு ஆட்டோக்கள், அதற்கும் நடுவில் பையோடு மனிதர்கள். அந்தக் கார் இன்னும் இரண்டு நிமிஷம் அங்கேயே நின்றால் தெருவே அடைத்துக்கொள்ளும்.

“அவரு எங்க கமிஷனரு சார். சம்பளம் கெடையாது, விசிலும் சொந்த விசிலு” என்றார் ஆட்டோக்காரர் பாக்கர். “எடுத்துருங்க. இல்லன்னா சாயங்காலம் வரைக்கும் ஊதிக்கிட்டே இருப்பாரு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கார் மனசில்லாமல் பின்னால் நகர்ந்தது.

பாண்டித்துரை சிரிக்கவில்லை. ஏறக்குறைய ஒரு வருஷமாக, ஞாயிறு தவறாமல் அபிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் ராமநாதபுரம் வந்து இந்த வாசலில் நிற்கிறார். வெயில் சுடுவதும் திட்டு விழுவதும் வேறு யாருக்கோ நடப்பது போலத்தான் இருக்கும்.

வாசலோரம் சாக்கு விரித்துக் கீரை விற்கும் முருகலட்சுமி இரண்டு கிளாஸ் டீயோடு வந்தாள். வாராவாரம் அவள்தான் வாங்கித் தருவாள்.

“குடிங்கண்ணே, ஆறிப்போயிரும். அந்தக் காருக்காரர் பேசுனத மனசுல வைக்காதீக.”

“வைக்கலம்மா.”

“எத்தன நாளைக்கு இப்படி முத பஸ்ஸப் புடிச்சு ஓடியாருவீக? வண்டிய எடுத்து ஓட்டுங்கண்ணே. சும்மாவே கெடந்தா டயரு வீணாப்போயிரும்ல.”

அவர் தலையை ஆட்டிவிட்டுக் குடித்தார். டீயில் சீனி இருந்ததா என்று யாராவது கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

“நாளைக்கு வீட்டுக்கு வாங்கண்ணே” என்றாள் முருகலட்சுமி. “அவுகளுக்கு வருசத் தெவசம். படச்சு முடிச்சதும் மொத எலயில ஒங்களத்தான் உக்கார வைக்கணும்னு இருக்கேன்.”

கிளாஸ் தெரிந்தது. அதைப் பிடித்திருக்கும் கை தன்னுடையது என்றுதான் தோன்றவில்லை.

போன வருஷமும் இதே வாசல்தான். பாண்டித்துரை தன் சரக்கு வண்டியில் கத்தரிக்காய் ஏற்றி வந்திருந்தார். சந்தையில் கொடுக்கும் தராசை வாங்க வரிசை நீண்டுகொண்டே போனது. முந்தித் தராசு வாங்கியவருக்குத்தான் முந்தி வியாபாரம். இரண்டே நிமிஷம் என்று நினைத்து, வண்டியை வாசலில் குறுக்காகவே விட்டு, சாவியையும் கையோடு எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

இரண்டு நிமிஷம் இருபது நிமிஷமாயிற்று. திரும்பி வந்தபோது, அடைபட்ட வண்டிகளுக்கு நடுவே ஓர் ஆட்டோ நின்றது. அதற்குள் நெஞ்சைப் பிடித்தபடி ஒருவர் சாய்ந்திருந்தார். அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பாண்டித்துரை அவசரமாக வண்டியை எடுத்து ஓரங்கட்டினார். ஆட்டோ பறந்தது. அவர் கத்தரிக்காயை விற்கப் போனார்.

அந்த மனிதர் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை என்று மதியம்தான் தெரிந்தது. அவர் பெயர் சின்னச்சாமி. மடியில் தாங்கியிருந்தவள் அவர் மனைவி முருகலட்சுமி.

குறுக்கே நின்ற வண்டி யாருடையது என்று யாரும் தேடவில்லை. பாண்டித்துரையும் வாயைத் திறக்கவில்லை. ராமேஸ்வரம் போய் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடினார். உடம்பு நனைந்தது, அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு ஒரு விசிலை வாங்கிக்கொண்டு வந்து இங்கே நின்றார். வண்டியை அதற்குப் பிறகு அவர் தொடவில்லை. அப்படி ஒன்று தன்னிடம் இருப்பதாகச் சந்தையில் யாரிடமும் சொன்னதும் இல்லை.

இத்தனை வாரமும் அவள் கொடுத்த டீயைக் குடித்தாகிவிட்டது. ஆனால் செத்தவருக்குப் படைத்த சோற்றில் முதல் கவளத்தை இந்தக் கையால் எடுப்பதா? சாமிக்கு முன்னால் அப்படி ஒரு பொய்யை இலை போட்டு உண்ண அவரால் ஆகாது. சொன்னால் இந்தத் தங்கச்சி இனிமேல் முகத்தில் விழிக்க மாட்டாள். சொல்லாவிட்டால் நாளைக்கு அந்த இலை.

“என்னால வர ஏலாதும்மா.”

“ஏன்ண்ணே? எங்க வீட்டுல கை நனைக்க மாட்டீகளோ? பெரிய வீட்டுச் சாப்பாடுதான் எறங்குமோ?” அவள் பாதி கேலியாகத்தான் கேட்டாள்.

“ஐயோ, அதில்லம்மா...”

பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. இந்த ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“அன்னைக்கு ஒங்க ஆட்டோவ மறிச்சு ஒரு வண்டி குறுக்க நின்னுச்சே... அது என் வண்டிம்மா. சாவிய எடுத்துக்கிட்டுப் போனவன் நான்தான்.”

சொல்லிவிட்டார். அவள் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தலையைக் குனிந்து நின்றார். தூற்றட்டும் என்றும் இருந்தது.

முருகலட்சுமி அவர் கையிலிருந்த காலி கிளாஸை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

“அது எனக்கு அன்னைக்கே தெரியும்ண்ணே. நாளைக்கு நேரத்தோட வந்துருங்க.”