தெளியாத தொட்டி

"மறுபடியும் பச்சையா? இது மீன் தொட்டியாடா, கீரைக் குழம்பா?"

செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே ஃபரங்கிஸ் ஆரம்பித்துவிட்டாள். தம்பி ஹூஷங் டீத்தண்ணீர் கொதிக்கும் சமோவர் பக்கம் நகர்ந்தான். அவன் மனைவி மஹீன்தான், "வாங்க அண்ணி. டீயக் குடிச்சிட்டுத் திட்டுங்க" என்றாள்.

ஃபரங்கிஸுக்கு அலுத்துப் போயிருந்தது. ஷிராஸ் நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு பஸ் மாறி பஸ் ஏறி, வெள்ளிக்கிழமைதோறும் வருகிறாள். குழாய் வைத்துப் பாதித் தண்ணீரை இறக்கி, வாளி வாளியாகக் கொண்டுபோய்க் கொட்டி, நல்ல தண்ணீர் நிரப்பிவிட்டுப் போகிறாள். அடுத்த வெள்ளி வந்து பார்த்தால் அதே பச்சை. முட்டிவலிதான் மிச்சம்.

மீன், தம்பியின் ஒரே மகன் பர்தியாவுடையது. நவ்ரூஸ் புத்தாண்டு விரிப்பில் வைக்க அவன் வாங்கி வந்த சிவப்பு மீன். பண்டிகை முடிந்த கையோடு ராணுவச் சேவைக்கு எல்லைப் பக்கம் போனவன், "நான் திரும்பி வர்ற வரைக்கும் இத உயிரோட வச்சிருங்கம்மா" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனான். பெற்றவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. டிவியில் எல்லைச் செய்தி வந்தால் அவள் கண் தொட்டிக்குத்தான் போகும்.

"புள்ள சொல்லிட்டுப் போனது ஒரே ஒரு வேலை. அதக்கூட ரெண்டு பேரும் சேர்ந்து ஒழுங்காச் செய்ய முடியல."

ஃபரங்கிஸ் எதையும் மனசில் வைத்துக்கொள்கிறவள் இல்லை. தம்பி கல்யாணத்தில், தன் வீட்டு விருந்தையே சோறு வேகவில்லை என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னவள். அவள் வாயில் பொய் வந்து அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. அதில் அவளுக்குக் கர்வமும் உண்டு.

இன்று ஒரு முடிவோடு வந்திருந்தாள். பையிலிருந்து கறுப்புக் கம்பளி ஒன்றை உருவினாள்.

"மீன் கடையில கேட்டுட்டேன். சும்மா தண்ணிய மாத்தினா போகாதாம். சன்னல் வெயில்ல வச்சிட்டு, இரையக் கொட்டிக்கிட்டே இருந்தா பாசி வராம என்ன வரும்? இதப் போத்தி இருட்டாக்குங்க. இரைய நிறுத்துங்க. அடுத்த வாரம் பாரு, கண்ணாடி மாதிரி ஆயிடும்."

இருவர் முகமும் ஒரே நேரத்தில் வெளுத்தது. ஃபரங்கிஸ் அதைக் கவனிக்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். ஹூஷங் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினான்.

"அக்கா, போத்த வேணாம். உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"ஏண்டா?"

"மீன் செத்துப்போச்சுக்கா. வெயில் காலம் தொடங்கறப்பவே. காலைல பாத்தா மிதக்குது. இந்தப் பூச்சட்டில, ஜெரேனியச் செடிக்குக் கீழதான் புதைச்சேன்."

"அடப்பாவி! வேற ஒண்ணு வாங்கி விட வேண்டியதுதானே?"

"அதுக்கு வால்ல வெள்ளைப் புள்ளி. மஹீன் கண்டுபிடிச்சிருவா. தெரிஞ்சா புள்ளைக்கே ஏதோ ஆயிட்ட மாதிரி படுத்துருவா. தண்ணி பச்சையா இருக்கற வரைக்கும் உள்ள மீன் இருக்குன்னு நம்பிக்கிட்டு இருப்பா. அதான் தொட்டிய நானே சன்னல் பக்கம் தள்ளி வச்சேன். அவ பாக்கற மாதிரி சாயங்காலத்துல இரையும் போடறேன்."

"கட்டினவகிட்ட இத்தன நாளாப் பொய்யா? வெக்கமா இல்ல? நீ சொல்றியா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

அவன் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே வந்தாள். மஹீன் கம்பளியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இத எடுத்துட்டுப் போயிருங்க அண்ணி" என்றாள் தாழ்ந்த குரலில். "அவரு சொல்லிட்டாரா?"

ஃபரங்கிஸ் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"அவரு மண்ணத் தோண்டறப்ப நான் சமையலறை சன்னல்லதான் நின்னேன். தேம்பித் தேம்பி அழுதாரு அண்ணி. அப்புறம் முகத்தக் கழுவிட்டு வந்து, 'மீன் இன்னிக்கு நல்லாத் துள்ளுது'ன்னாரு. எனக்காகத்தான் அந்த மனுசன் தைரியமா நடமாடறாரு. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா ஒடஞ்சிருவாரு. அதான் காலைல அவரு பாக்க நானும் ஒரு சிட்டிகை போடறேன்."

இல்லாத மீனுக்கு ஆள் மாற்றி ஆள் இரை போட்டால் தண்ணீர் எங்கே தெளியப் போகிறது!

ஃபரங்கிஸ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். ஃபோன் அடித்தது. பர்தியாதான். ஹூஷங் ஓடி வந்து ஸ்பீக்கரில் போட்டான். சாப்பிட்டாயா, தூங்கினாயா எல்லாம் ஆயிற்று.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமையாச்சே, அத்தை அங்கதான இருக்காங்க? மீன் எப்படி இருக்குன்னா நீங்க ரெண்டு பேரும் நல்லாருக்கு, நல்லாருக்குன்னே சொல்றீங்க. அத்தை பொய் சொல்ல மாட்டாங்க. அத்தை, நீங்க சொல்லுங்க. மீன் உயிரோட இருக்கா?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இருவரும் ஃபரங்கிஸையே பார்த்தார்கள்.

ஃபரங்கிஸ் ஃபோன் பக்கம் குனிந்தாள்.

"அதுக்கென்ன, தின்னுட்டுக் கொழுத்துக் கெடக்குது. இப்பதான் அந்த வெள்ளைப் புள்ளி வால ஒரு ஆட்டு ஆட்டிட்டு உள்ள போச்சு. நீ பத்திரமா வந்து சேருடா, கண்ணு."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "அத்தையே சொல்லிட்டாங்க. அப்ப சரி."

பேச்சு முடிந்ததும் ஃபரங்கிஸ் கம்பளியை வாங்கிப் பைக்குள் திணித்தாள். சன்னல் திரையை முழுக்க விலக்கிவிட்டாள்.

"காலைலயும் சாயங்காலமும் போட்டாப் போதுமா? மத்தியானத்துக்கு அது பட்டினி கெடக்கணுமா?" என்று இருவரையும் அதட்டிவிட்டு, ஒரு சிட்டிகை இரையை எடுத்துத் தொட்டியில் தூவினாள்.