பச்சைக் கிளையில் ஒடித்தது

அது நான் கொடுத்த குச்சி இல்லை.

தொட்டியில் நின்ற நந்தியாவட்டையில் ஆறு இலை. ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் வெள்ளை, சுண்ணாம்பு தொட்டு இழுத்தது போல.

"சத்யா, பாத்தியாடி! என் கைக்கும் துளுத்திருச்சு!"

பக்கத்து வீட்டு சரண்யாதேவி அக்கா தோளில் கிடந்த பையைக்கூட இறக்கவில்லை. பத்து நாள் அலங்காநல்லூரில் அம்மா வீட்டில் இருந்துவிட்டு இப்போதுதான் பஸ் இறங்கி வந்திருக்கிறாள். வந்ததும் சுவருக்கு மேலே எட்டி என்னைக் கத்திக் கூப்பிட்டாள். அவள் வாசலுக்கு ஓடி வந்தேன்.

சிரித்து வைத்தேன். மண்டைக்குள் வேறு ஓடியது.

இது நடக்காது. பஸ்ஸில் நின்றுகொண்டே போய் மூன்று வருஷம் பாட்டனி படித்தவள் நான்.

எங்கள் வீட்டுச் செடியில் வெள்ளை ஓரத்துக் கிளைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் முழுப் பச்சையாகக் கிளம்பியிருந்தது. அதில் ஒடித்து நட்டால் பச்சைதான் வரும்.

போன மாதம் தெரிந்தேதான் அதில் ஒடித்துக் கொடுத்தேன். வெள்ளை ஓரத்துக் குச்சி சவலை, பச்சைக்குத் தெம்பு அதிகம். "போகப் போக வெள்ளை வரும்க்கா" என்று ஒரு பொய்யும் சொன்னேன்.

அதற்கு முன்னால் கொடுத்த மூன்றும் அவளிடம் காய்ந்துபோயிருந்தன. ஒவ்வொரு தடவையும் அவள் மாமியார் பாண்டியம்மாள் தெருவுக்கே கேட்கச் சொன்னது ஒன்றுதான்.

"வயித்துலயும் தங்கல, தொட்டியிலயும் தங்கல. என்ன கைராசியோ."

பிறகு அக்கா யார் வீட்டுக் கைக்குழந்தையையும் தூக்குவதில்லை. என் கை வேண்டாம்டி என்பாள்.

அந்த வாயை அடைக்கவாவது இந்தக் குச்சி பிழைக்கட்டும் என்று எனக்கு வெறி.

பிழைத்துவிட்டது. ஆனால் எப்படி? நான் ஒடித்தது பச்சைதானா? இல்லை, படித்ததே தப்பா?

"ஆறு எலைக்கு இம்புட்டுக் கூத்தா? போயி மூஞ்சியக் கழுவு" என்றாள் பாண்டியம்மாள், வாசற்படியில் நின்றுகொண்டு.

அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

நான் குனிந்தேன். அக்கா தொட்டியில் நிரப்பியிருந்தது கரிசல் மண். செடியைச் சுற்றி மட்டும் ஒரு கை அகலத்துக்குச் செம்மண்.

கொல்லைப் பக்கம் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் கறுப்பு நர்சரிப் பை கிழிந்து கிடந்தது. பக்கத்தில் என் குச்சி. மொட்டையாக, ஒரு இலைகூட இல்லாமல்.

பின்னாலேயே வந்துவிட்டாள் பாண்டியம்மாள்.

"சொல்லிறாத தாயி. அது பட்டுப்போச்சு. அவ வாரதுக்குள்ள மாத்திப்புடணும்னு நேத்துத்தான் திருப்பரங்குன்றம் போயி வாங்கியாந்து வச்சேன். அவ இப்புடிச் சிரிச்சு எம்புட்டு நாளாச்சு."

இந்தப் பொம்பளையைக் கேட்க வேண்டுமென்று இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன். அந்த வாயா இது? இவளுக்கு இதையும் செய்யத் தெரியுமென்றால் அதை ஏன் பேசினாள்?

சரி, அக்கா கண்ணில் படாமல் எங்காவது எறிந்துவிடலாம் என்று குச்சியை எடுத்தேன். கல்லில் வழிந்த தண்ணீரில் ஊறிக் கிடந்திருக்கிறது. அடியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினேன்.

மூன்று வேர். நூல் மாதிரி, வெள்ளையாக. ஒரே நாளில் வந்ததில்லை, தொட்டியிலேயே விட்டிருக்கிறது.

பாண்டியம்மாளும் பார்த்துவிட்டாள். முகம் வெளுத்துப்போனது. கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

உள்ளே குழாய்ச் சத்தம். அதற்கு மேலே அக்கா பாடுகிற சத்தம். அவள் பாடி நான் கேட்டதே இல்லை. நான் வாயைத் திறந்தால் அந்தப் பாட்டு நின்றுவிடும்.

ஆனால் இது வேர் விட்டது அவள் கையில். நர்சரிக்காரன் கையில் இல்லை.

யார் மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் குச்சியைத் தண்ணீரில் அலசினேன்.

"அக்கா!"

முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"கைய நீட்டு" என்றேன்.