தலைவர் வண்டி கழுவுகிறார்

மலை மனிதனைச் சோதிக்கிறது. மனிதன் மலையை வெல்கிறான். இடையில் நிற்பது துணிவு ஒன்றே.

காலையில் மலை வண்டி ஓட்டுவோர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் இப்படி எழுதிக் கைகூப்பல்களை அள்ளியவர், இப்போது வீட்டுக் கொல்லையில் தன் நாலு சக்கர மலை வண்டியின் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, காற்று வடிகட்டிக்குள் பம்பு வைத்துத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்.

வண்டியில் தண்ணீர் போகவே கூடாத இடம் அது.

அவருக்கு அது தெரியும். அதனால்தான்.

ஊர்க் கண்ணுக்கு மற்ற இடங்களையும் கழுவினார். மட்கார்டுக்கு அடியில் காய்ந்து கிடந்த மண்ணைப் பழைய தோசைக் கரண்டியால் சுரண்டினார். அச்சில் அப்பியிருந்த கிரீஸை டீசலில் நனைத்த பனியனால் துடைத்தார். கிரீஸ் அச்சை விட்டு அவர் முழங்கைக்கு இடம் மாறியது. சக்கரத்துக்கு ஓடினார். பாதியில் விட்டுவிட்டு ஹேண்டில் பாருக்கு ஓடினார். மறுபடி வடிகட்டிக்கே வந்தார்.

சுரண்டிய மண்ணில் மயில்துத்தத்தின் நீலம் திட்டுத்திட்டாக இருந்தது. திராட்சைக் கொடிக்கு மருந்தடிக்கும் தோட்டத்துச் சேறு. மலைச் சேறு இல்லை.

மலைக்கு அந்த வண்டி ஒரு தடவைதான் போயிருக்கிறது.

ஓட்டியது அவர் மனைவி.

தினமும் அதில் உரமூட்டை ஏற்றித் தோட்டத்துக்குப் போகிறவள், ஆனைவழுக்கி மேட்டையும் இன்னொரு வரப்பு என்று நினைத்து ஏறி இறங்கிவிட்டாள். அவர் கீழே நின்று செல்போனில் படம் பிடித்தார். சேலைக்கு மேல் அவர் மழைக்கோட்டு, தலையில் ஹெல்மெட்; உள்ளே யார் என்று யாருக்குத் தெரிகிறது? 'ஆனைவழுக்கியில் இன்று' என்று மட்டும்தான் குழுவில் போட்டார். பொய் என்று ஒரு எழுத்துக் கிடையாது.

'சிங்கம்ணே நீங்க' என்று முதல் ஆள் எழுதியபோதே திருத்தியிருக்கலாம். காப்பியைக் குடித்துவிட்டுத் திருத்தலாம் என்றிருந்தார்.

காப்பி ஆறுவதற்குள் தலைவர் ஆக்கிவிட்டார்கள்.

அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நாளைக் காலை, சங்கமே பார்த்திருக்க, தலைவர் மேடேற வேண்டும்.

அவரும் அந்த மேட்டை ஏறியவர்தான். ஜீப்பில். பின்சீட்டில். கண்ணை இறுக மூடிக்கொண்டு.

காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். ஆனால் தலைவருக்குக் காய்ச்சல் அழகில்லை. வண்டிக்கு வந்தால் குற்றமில்லை. வண்டி படுத்துவிட்டால் நாலு பேர் உச்சுக்கொட்டுவார்கள். மானம் மிஞ்சும்.

சட்டைப் பையில் செல்போன் துடித்தது. சங்கச் செயலாளர் திரவியம்.

"தலைவரே, பேனர் கட்டியாச்சு. நாங்க எல்லாம் மேல மாலையோட நிப்போம். நீங்க மட்டும் கீழருந்து தனியா ஏறி வாங்க. பாட்டுக்கூட எடுத்து வச்சிட்டோம்."

"வண்டிதேன் கொஞ்சம் மக்கர் பண்ணுது, திரவியம்."

"ஒங்க கைக்கு மக்கர் பண்ணுமா? அது என்ன பேச்சு தலைவரே!"

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

அவர் ஓடிப்போய் பம்பை இன்னும் கொஞ்சம் வேகமாக வைத்தார். வடிகட்டிப் பெட்டி நிரம்பி வழிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, சாமி கும்பிடுகிறவர்போல ஒரு நொடி நின்று, ஸ்டார்ட்டரை அழுத்தினார்.

வண்டி இருமியது. ஒரு வாய் தண்ணீர் கக்கியது. நின்றது.

மறுபடி அழுத்தினார்.

ஒன்றுமில்லை.

காலையிலிருந்து ஓரிடத்தில் நில்லாத கால் அப்போதுதான் நின்றது. கிரீஸ் விரலால் செல்போனில் எழுத ஆரம்பித்தார்: 'இயந்திரம் தோற்கலாம். மனிதன்...'

மனிதன் என்ன செய்வான் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். தோட்டத்திலிருந்து நேராக. காலில் சேறு.

சீட்டைப் பார்த்தாள். திறந்த பெட்டியைப் பார்த்தாள். பம்பைப் பார்த்தாள்.

"இதுக்குள்ளயா தண்ணி அடிச்சீங்க?"

"உள்ள ஒரே தூசி."

அவள் அவரைப் பார்த்தாள். அது கொஞ்சம் நீளமான பார்வை. அவர் ஸ்பீடோமீட்டரைத் துடைத்தார்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். பெட்டியின் அடியில் இருந்த ரப்பர் மூடியைப் பிடுங்கினாள். தண்ணீர் கொட்டியது. வடிகட்டிப் பஞ்சை எடுத்து, துவைத்த துணிபோலப் பிழிந்து, வெயிலில் போட்டாள். பிளக்கைக் கழற்றித் துடைத்தாள். சேறு நிறைந்த வாய்க்காலில் வாரம் ஒரு தடவையாவது முங்கும் வண்டி. அவளுக்கு இது பாத்திரம் கவிழ்க்கிற வேலை.

பஞ்சு காயும்வரை அவர் கொல்லையைச் சுற்றி வந்தார். மேகம் வருகிறதா என்று பார்த்தார். சித்திரை மாதம். மேகத்துக்கு வேறு வேலை இருந்தது.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டு அவள் கட்டைவிரலால் அழுத்தினாள்.

வண்டி உறுமியது.

கழுவியதாலோ என்னவோ, முன்னைவிட நன்றாக.

அவர் பளபளத்துக்கொண்டிருந்த மட்கார்டை மறுபடி துடைத்தார். பிறகு அதையே இன்னொரு தடவை.

அவள் வண்டியை அணைத்தாள்.

"காலைல எத்தன மணிக்கு?"

"ஏழு" என்றார், மட்கார்டிடம்.

அவள் கை கழுவிக்கொண்டு உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது, சங்கம் அவருக்கென்று தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டைச் சேலைக்கு மேல் போட்டிருந்தாள். முதுகில் மஞ்சள் எழுத்தில் 'தலைவர்'. ஹேண்டில் பாரைப் பிடிப்பதுபோல் இரு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தாள்.

அவருக்குத் தொளதொளவென்று தொங்கிய ஜாக்கெட் அது.

அவளுக்குத் தோளில் கச்சிதமாகப் பிடித்தது.