அறுவடை முடியும்வரை

"உன் மொட்டை மண்டைக்குள்ள மூளைன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

நோலீன் கத்திய கத்தலில், புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பௌல்ஸ் கிளப்பே திரும்பிப் பார்த்தது. வெள்ளிக்கிழமை மாலை. ஒரு தட்டு இறைச்சியைப் பரிசாக வைத்து நடத்தும் குலுக்கலுக்குச் சீட்டு விற்பது அவள்தான். அவளுக்குத் தெரியாமல் அந்த ஆஸ்திரேலியச் சிற்றூரில் ஒரு அடுப்பும் எரியாது.

"மெதுவாப் பேசு, நோலீன்," என்றார் டெஸ்.

"எதுக்கு மெதுவா? கிளெனிஸ் கேன்சர் மருந்துல முடியெல்லாம் போய், தலையில துணியைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. கட்டின புருஷன் நீ என்னடான்னா, ஓவர்டைம் கேட்டு என் வீட்டுக்காரர் பின்னாடி சுத்துறே!"

அவள் வீட்டுக்காரர் ட்ரெவர், டெஸ் வேலை பார்க்கும் கோதுமைக் கிடங்கான சைலோவின் மேலாளர். பக்கத்து மேஜையில் தன் பீரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்தில் அவருக்கு ஒதுக்கப்பட்ட வேலை அதுதான்.

"பெட்ரோல் யார் போடுவா?" டெஸ்ஸும் குரலை உயர்த்தினார். "அடிலெய்டுக்கு ஒரு தடவை போய் வந்தா முழு டேங்க் காலி. ரூம் வாடகை வேற. ஸ்கேன் எடுக்கிற இடத்துல முதல்ல கார்டைத்தான் நீட்டச் சொல்றான். குலுக்கல்ல சேர்ந்த காசை எங்களுக்குக் கொடுத்தீங்க, நல்லதுதான். ரெண்டு நடையில தீர்ந்துபோச்சே!"

"அதுக்காக? நான் ட்ரெவ்கிட்ட சொல்லி உன்னை லீவுல அனுப்பச் சொல்றேன். வீட்ல அவ பக்கத்துல உட்காரு."

டெஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதை மட்டும் செஞ்சிடாத. சீசன் ஆளுக்கு லீவுன்னா சம்பளம் கிடையாது. அந்தக் காசு இல்லேன்னா மருந்து அப்படியே நின்னுபோயிடும். அறுவடை முடியிற வரைக்கும் என்னை விட்டுடு. கெஞ்சிக் கேக்கிறேன்."

"காசுப் பேய்! பாருங்க எல்லாரும், ஒரு பீர் வாங்கிக் குடிக்கக்கூட மனசு வராம பச்சைத் தண்ணியை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். டெஸ்ஸும் சிரித்தார். பிறகு தொளதொளத்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இரவு ஷிப்டுக்குக் கிளம்பினார்.

ஊர் தன் கடமையைக் குறையில்லாமல் செய்தது. கிளெனிஸ் வீட்டில் தட்டுத் தட்டாகச் சமைத்த லசானியா வந்து குவிந்தது. யாருக்கு எந்த நோய் வந்தாலும் அங்கே மருந்து லசானியாதான். ஃப்ரீஸர் கதவு மூடவில்லை. பெண்கள் முறை வைத்து வந்து அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். டெஸ்ஸை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்ட ஒன்றிரண்டு பேரும், "என்ன டெஸ், இந்த வாரம் எவ்வளவு தேத்தினே?" என்றுதான் கேட்டார்கள்.

அறுவடை முடிந்து கடைசி லாரியும் போன பிறகு, பிப்ரவரி வெயிலில், டெஸ் அடிலெய்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மாரடைப்பு என்று ஊரே கூடி முடிவு செய்துகொண்டது.

"ஓவர்டைம்தான் ஆளைத் தூக்கிடுச்சு," என்று நோலீன் தீர்ப்புச் சொன்னாள்.

கிளெனிஸ் யாரையும் மறுத்துப் பேசவில்லை. வீட்டை விற்றுவிட்டு, போர்ட் லிங்கனில் இருக்கும் தங்கையோடு இருக்கப் போய்விட்டாள்.

அடுத்த வருட ஈஸ்டருக்கு நோலீன் பன்னும் கையுமாக அங்கே போய் நின்றாள். நலம் விசாரிக்க என்று பெயர். புது வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. கதவைத் திறந்த கிளெனிஸுக்குத் தோளைத் தொடும் முடி.

"அடியம்மா! குணமாயிடுச்சா? ஒரு வார்த்தை சொல்லலியே! இதைப் பார்க்க அந்த மனுஷனுக்குத்தான் கொடுத்து வைக்கல."

"எனக்கு எதுவும் வரவே இல்ல, நோலீன். சீக்கு டெஸ்ஸுக்கு. அது தெரிஞ்சா ட்ரெவ் அவரை சைலோ பக்கம் விட்டிருப்பாரா? அதான் ஆஸ்பத்திரிக்குப் போறது நான்னு ஊர் நம்பட்டும்னு, வாராவாரம் நானே தலையை மழிச்சுக்கிட்டேன்."

"அப்போ... அன்னிக்கு கிளப்புல நான் கத்தினப்ப..."

"முந்தின நாள்தான் அவருக்கு மருந்து ஏத்திக்கிட்டு வந்தோம். விடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: 'நல்லா இருக்கிறவனைத் திட்டுற மாதிரி திட்டினா, கிளென். எவ்வளவு தெம்பா இருந்துச்சு தெரியுமா!'"