அங்கே எல்லாம் நேர்மாறு

“ஓடுற லாரியில முன் டயர் வெடிக்குது. என்ன பண்ணுவீங்க?” துர்கா கேள்விப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“ஸ்டீயரிங்க இறுக்கிப் புடிச்சிக்கிட்டு, பிரேக்குல கால வெக்காம...”

“தப்பு! சடார்னு பிரேக் அடிக்கணும். எத்தன வாட்டிங்க சொல்றது?”

விருத்தகிரி திருதிருவென்று விழித்தான். பத்தொன்பது வருஷம் பீங்கான் கம்பெனி லாரியில் ஃப்யூஸ் கட்டை லோடு கொண்டு போனவன். வைக்கோல் பொதிக்குள் ஒரு கட்டைகூட உடைந்ததில்லை.

“பிரேக் அடிச்சா வண்டி குப்புறக் கவுந்துடுமே துர்கா?”

“அது நம்ம ஊர்ல. சவுதியில வண்டியே வலது பக்கம்தான ஓடுது? அங்க எல்லாம் நேர்மாறுங்க.”

பெண்டாட்டி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவள் அப்பா பதினாறு வருஷம் சவுதியில் லாரி ஓட்டியவர். அத்தனை வருஷத்தில் ஊருக்கு வந்துபோனது ஐந்தே தடவை என்றாலும், அந்த ஊர் நடப்பு மகளுக்குத் தெரியாமலா இருக்கும்? விருத்தகிரியோ எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் படிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

கம்பெனி லாரியை விற்று இரண்டு மாசமாயிற்று. எவனாவது லீவு போட்டால் ஆக்டிங் டிரைவராக ஒரு நாள் ஓடும், மற்ற நாளெல்லாம் கை வெறுங்கைதான். மங்கலம்பேட்டை டிராவல்ஸில் சவுதி லாரி வேலைக்கு விசா தயாராக இருந்தது. கம்ப்யூட்டர் டெஸ்டில் பாஸாக வேண்டும், அவ்வளவுதான். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டால் கேள்வி தமிழில் கேட்கும், சரியான பதிலின் நம்பரைத் தொட வேண்டும். மொத்தம் நாலு சான்ஸ். அதில் இரண்டு ஏற்கெனவே போய்விட்டது.

“என் மண்டையில இருக்கறது களிமண்ணுதான். அதையும் சூளையில வெச்சிச் சுட்டுட்டாங்க போல” என்று நெற்றியில் அடித்துக்கொண்டான்.

“சும்மா இருங்க. கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது எழுதிக் கட்டியிருக்கேன். அவரு பாத்துப்பாரு.”

குறையை மனுவாக எழுதிக் கட்டிவிட்டால் அந்த முருகன் தீர்த்து வைப்பார். தீர்ந்ததும் ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும். விருத்தாசலத்துக்காரர்களுக்கு அதுதான் கோர்ட்டுக்கெல்லாம் மேல் கோர்ட்டு. தனக்காகச் சாமி வரைக்கும் போய் வழக்குப் போட்டிருக்கிறாளே என்று விருத்தகிரிக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாவது தடவையும் ஃபெயில்.

டிராவல்ஸ் சாதிக் பாய்க்கே பொறுக்கவில்லை. கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பினார். “என்னண்ணே இது? டயர் வெடிச்சா சடார்னு பிரேக் அடிப்பேன்னு தொட்டிருக்கீங்க?”

“அந்த ஊர்ல அப்படித்தான பாய்?”

“எந்த ஊர்லயும் டயரு டயருதாண்ணே! இங்க பாருங்க, ரவுண்டானாவுக்குள்ள சுத்துறவன வுட்டுட்டு வெளிய நிக்கறவனுக்கு வழி வுட்டிருக்கீங்க. தூக்கம் வந்தா கண்ணாடிய எறக்கி வுட்டுட்டு ஓட்டிக்கிட்டே இருக்கலாமாம்!” பாய் அவன் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். “இதுல எல்லாம் சரியாத்தான அச்சடிச்சிருக்குது? யாரு உங்களுக்குப் படிச்சிக் காட்டுனது?”

விருத்தகிரி புத்தகத்தைத் திரும்ப வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

“சரி, போவட்டும். புதன்கிழமை கடைசி சான்ஸு. அதுவும் போச்சுன்னா விசா வேற ஆளுக்குப் போயிடும். தெனம் ஒரு மணி நேரம் வாங்க, நானே சொல்லித் தரேன். கண்ண மூடிக்கிட்டுப் பாஸாவீங்க.”

தலையை மட்டும் ஆட்டிவிட்டு பஸ் ஏறினான். மூணு தடவை ஊர் முன்னால் முட்டாளாக உட்கார வைத்துவிட்டாளே பாவி! வீட்டுக்குப் போனதும் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

பாதி வழியில் என்னவோ மாமனார் ஞாபகம் வந்து தொலைத்தது. பதினாறு வருஷம், ஐந்தே தடவை. அதற்குப் பிறகு, கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையில் ஒன்றுகூட நாக்கில் நிற்கவில்லை. போனால் அவள் கதி என்ன, போகாவிட்டால் சோற்றுக்கு வழி என்ன, இரண்டும் தெரியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

துர்கா வாசலிலேயே நின்றிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

“வுடுங்க. இன்னும் ஒரு சான்ஸு இருக்குதுல்ல? கை கால் கழுவிட்டு வாங்க, மறுபடியும் மொதல்லருந்து படிக்கலாம்.” புத்தகத்துக்காகக் கையை நீட்டினாள்.

அவன் கொடுக்கவில்லை. உள்ளே போய்ப் புத்தகத்தைப் பரண்மேல் தூக்கிப் போட்டான்.

“படிச்சது போதும் புள்ள. உன் பிராது பலிச்சிடுச்சு, ராஜினாமா எழுதிக் குடுத்துடு.”