உப்பு தேவையான அளவு

சனிக்கிழமை, காலை பதினொன்றரை.

கரண்டியில் உப்பு. கீழே, நுரை கூடி நிற்கிற மோர்க்குழம்பு.

கை இறங்கவில்லை.

மேடைமேல் புத்தகம் விரிந்து கிடந்தது. குக்கர் வாங்கியபோது இலவசமாக வந்தது. வந்த நாளிலிருந்து மாசி வரை யாரும் புரட்டியதில்லை. பக்கம் மூடிக்கொள்ளாமலிருக்க மத்தைக் குறுக்கே வைத்திருந்தாள்.

பூசணி கால் கிலோ. தேங்காய் அரை மூடி. சீரகம் அரை ஸ்பூன். ஊறவைத்த அரிசி ஒரு ஸ்பூன்.

உப்பு தேவையான அளவு.

எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இதே வரி. மற்ற எல்லாவற்றையும் அளந்து கொடுத்தவர்கள் இங்கே வந்ததும் கையைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

குடியிருப்புப் பெண்கள் வாட்ஸப்பில் தொடங்கிய போட்டி. வீட்டில் தூசி படிந்து கிடக்கும் சமையல் புத்தகத்தை எடுக்க வேண்டும். வாரம் ஒரு தலைப்பு. பதார்த்தமும் பக்கமும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். எதிர்வீட்டுக்கு ஒரு கிண்ணம் போக வேண்டும்.

இந்த வாரம், மோர்.

அவள் ஒரு வாரமும் தவறியதில்லை. படம் போட்டதும் கைதட்டல்கள் வரும். படத்தில் உப்பு தெரியாது.

அதற்கு முன் அவள் புத்தகம் பார்த்துச் சமைத்தவள் அல்ல. சாமிக்குக் காட்டும் முன் ருசி பார்க்கக் கூடாது என்று பழகிய வீடு. அடுப்பருகில் நின்றால் போதும். உப்புக் குறைந்த குழம்பின் ஆவி ஒரு மாதிரி. சரியான குழம்பின் ஆவி வேறு மாதிரி.

மாசியில் வந்த காய்ச்சல் அதைக் கொண்டுபோயிற்று. நாக்கையும் சேர்த்து.

அந்த வாரம் கணவர் காசியில் இருந்தார். அலுவலக நண்பர்களோடு, எப்போதோ எடுத்து வைத்த டிக்கெட். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாசலில் நின்றார். போயிட்டு வாங்க என்றாள்.

போனார்.

திரும்பி வந்து விபூதிப் பொட்டலத்தை நீட்டினார். பிரித்து முகர்ந்தாள். மலிவு விபூதி என்று நினைத்தாள். மறுநாள் பால் அடிப்பிடித்துக் கருகி, பக்கத்து வீட்டிலிருந்து ஆள் ஓடிவந்த பிறகுதான் தெரிந்தது.

காசியைப் பற்றி அவர் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

மூக்கு போனதைச் சொல்லவில்லை. சொன்னால் சமையலுக்கு ஆள் வைப்பார். மகள் ஃபோனில் அழுவாள். அடுக்களையும் போய்விட்டால் பகல் முழுக்க எங்கே நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

புத்தகத்துக்கு மூக்கு வேண்டாம். தினமும் புத்தகம்தான். சாமிக்குக் காட்டிய பிறகு ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. இன்னும் கொஞ்சம் போடுவாள்.

இன்று காலை எதிர்வீட்டுப் பர்வீன் கிண்ணத்தைத் திருப்பித் தர வந்தாள். வெறும் கிண்ணமாகத் தராமல் நாலு பேரீச்சம்பழம் போட்டிருந்தாள். போகாமல் நின்றாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. போன வாரக் கூட்டு, கடல் தண்ணியவே மொண்டு ஊத்துனாப்புல இருந்துச்சு."

"போன வாரம் மட்டுமா?"

பர்வீன் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"நாங்க தயிர ஊத்திப் பெசஞ்சுக்குவோம்க்கா. அண்ணன் தெனமும் இதத்தான் சாப்பிடுறாரா? அவருக்குச் செலை வைக்கணும்."

சிரித்தாள். இவளும் சிரித்தாள். அவமானமாக இருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தாள். இருக்கவில்லை.

"மோர்க்குழம்புக்கு நீ எவ்வளவு போடுவ?"

"அதெல்லாம் அளந்தா போடுறோம்? ஒரு ஸ்பூனு இருக்கும்."

ஒரு ஸ்பூன்.

கத்தியின் முதுகால் மட்டம் தட்டினாள். கவிழ்த்தாள். வெள்ளை மேல் வெள்ளை. கரைந்த இடம் தெரியவில்லை.

சாமிக்குக் காட்டினாள். படம் எடுத்தாள்.

ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். கை தானாக உப்பு ஜாடிக்குப் போயிற்று.

மூடியை இறுக்கி மேல்தட்டில் வைத்தாள்.

ஒரு மணிக்கு அவர் வந்து உட்கார்ந்தார். பிரஷர் மாத்திரையைப் பிரித்து விழுங்கினார். பிறகு எழுந்து போய், சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து தட்டுப்பக்கம் வைத்துக்கொண்டார். தயிர்க் கிண்ணத்தைக் கைக்கெட்டும் தூரத்துக்கு இழுத்தார்.

தினமும் இதைச் செய்திருக்கிறார். இன்றுதான் பார்க்கிறாள்.

பங்குனி, சித்திரை, வைகாசி. ஒரு நாள் முகம் சுளித்திருந்தால் போதும். ஒரு நாள் தட்டைத் தள்ளியிருந்தால் போதும். அவள் சொல்லியிருப்பாள்.

இன்றைக்குச் சுளித்தால் சொல்லிவிடுவது.

குழம்பை ஊற்றினாள். பிசைந்தார். குனிந்தபடி ஒரு வாய் வைத்தார்.

கை நின்றது.

மெதுவாக மென்றார். விழுங்கினார். இன்னொரு வாய். சொம்பைத் தொடவில்லை. தயிரைத் தொடவில்லை. சோறு பாதியான பிறகு நிமிர்ந்தார்.

அவர் கண்கள் கலங்கியிருந்தன.

கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். தண்ணீர் எடுத்துத் தர வேண்டுமா என்று யோசித்தாள்.

"கோவம் ஆறிருச்சா, வடிவு?"