கழுவாத வேர்

மண்ணுக்குள் வேரும் பூஞ்சையும் பேசிக்கொள்வதைக் கேட்கும் கருவி வந்த பிறகு, புல் மண்டிய தரிசில் மூங்கில் நடுகிறவர்களுக்கும் பரீட்சை வந்துவிட்டது. பேச்சு எழாத வரிசைகளை உழுதுவிடுவார்கள். அதனால் தாய்ப்புதரிலிருந்து வெட்டிய கிழங்கை மண் போகக் கழுவி, கம்பெனிப் பூஞ்சைக் கரைசலில் முக்கித்தான் நடவேண்டும் என்பது கட்டளை. மீறினால் வேலை போய்விடும்.

அன்று சோதிக்க வந்த அதிகாரியம்மா நாற்பது வரிசைகளிலும் அந்தக் கருவியைக் காதில் மாட்டிக் கேட்டார். கடைசி வரிசையில் நின்றுவிட்டார்.

"இங்க மட்டும் நல்லாப் பேசுது. கரைசல் பிடிச்சிருக்கு போல."

"ஆமாங்க," என்றார் மேஸ்திரி மாரப்பன். "மத்ததுக்கும் இன்னொருக்கா ஊத்திட்டாச் சரியாயிருமுங்க."

பின்னால் தெய்வானை நின்றிருந்தாள். அது அவள் நட்ட வரிசை. வாய் திறக்காமல் இருந்தால் வேலை மிஞ்சும். ஒரு வருடமாகத் திருட்டைப் போல அதை மனதுக்குள் ஒளித்திருந்தாள். இன்று கரைசலின் பெயரில் அதைக் கேட்டபோதுதான், தான் ஒளித்திருந்தது குற்றமல்ல, பெருமை என்று அவளுக்கே தெரிந்தது.

"கரைசல் இல்லீங்க. தாய்ப்புதர் மண்ணோட, அதுல இருக்கற பூஞ்சையோட, கழுவாம நட்டது. நாந்தான் நட்டேன்."

"வேலை வேண்டாமா அம்மணி உனக்கு?" என்று பல்லைக் கடித்தார் மாரப்பன்.

"வேணுமுங்க. ஆனா இந்த வரிசை என்னுதுங்க."

அதிகாரியம்மா காதுக்கருவியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "நீயே கேளும்மா."

தெய்வானை கை நீட்டவில்லை.

"எனக்கெதுக்குங்க? நட்டன்னைக்கே எனக்குத் தெரியும். மேஸ்திரி காதுல மாட்டுங்க."